மண்ணெண்ணெய் ஏப்பம்

மண்ணெண்ணெய் குடித்துவிட்டு மேடையேறிப் பேசியவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருவன் இருக்கிறேன். அதுவும் என்ன பேச? மண்ணெண்ணெயைப் பதுக்குகிறவர்களைக் கண்டித்துப் பேச. இதை எழுதும்போதே தொண்டைக்குள் அந்த நெடி எழும்புகிறது. இத்தனை வருடமாகியும் எனக்குச் செரிக்காத பொருள் அது ஒன்றுதான்.

எழுபதுகளின் முதல் பாதி. எங்கேயோ பாலைவனத்தில் எண்ணெய் விலையை ஏற்றினார்கள். தூத்துக்குடியில் எங்கள் அடுப்பு அணைந்தது. நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். வயது முப்பது. கல்யாணமாகி இரண்டு வருடம். மில்லர்புரத்தில் வாடகை வீடு. மனைவி சாத்தான்குளத்துப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நன்றாகப் பாடுவாள், நன்றாகத் திட்டுவாள். இரண்டுக்கும் மூச்சு வேண்டுமல்லவா? அங்கேதான் சிக்கல். அவளுக்கு இளைப்பு இருந்தது.

விறகுப் புகை பட்டால் போதும், நெஞ்சுக்குள் யாரோ பழைய ஆர்மோனியத்தின் துருத்தியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். உதடு நீலம் பாரிக்கும். டாக்டர் முதல் தடவையே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். விறகடுப்பை வீட்டைவிட்டு எடுத்துவிடு, இல்லையென்றால் ஒருநாள் வருத்தப்படுவாய் என்று. அன்றைக்கே ஒரு பத்துத் திரி ஸ்டவ் வாங்கினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் என்றால் எரிபொருள் இல்லை, மருந்து.

அந்த மருந்துதான் கிடைக்காமல் போயிற்று.

மாமனார் சாத்தான்குளத்திலிருந்து பனை மட்டை கட்டுக்கட்டாக அனுப்பினார். மகளுக்குப் பாசத்தோடு அனுப்பிய புகை. சிலிண்டர் கேஸுக்கு எழுதிப்போட்டேன். பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்குப் போகும்போது வரும் என்கிற மாதிரி ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். கரண்ட் அடுப்பு ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு வந்த கரண்டில் அந்தக் கம்பி, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிவக்கிற அளவுக்குத்தான் சிவந்தது. அதில் பப்படம்கூடப் பொரியாது.

ரேஷன் கடை வாசலில் 'ஸ்டாக் இல்லை' என்று ஒரு பலகை தொங்கும். சாக்கட்டியால் எழுதியது இல்லை, பெயிண்டால் எழுதியது. அதிலேயே அவர்களுடைய நம்பிக்கை தெரிந்தது. ஸ்டாக் வருகிற நாளில் விலை ஏறியிருக்கும், அளவு இறங்கியிருக்கும். லிட்டர் படியில் பாதி நுரை. நுரை அடங்கட்டும் என்று சொன்னால், "அடுத்த ஆளு வாங்க" என்பார்கள்.

இதைப் பற்றி ஊரே பேசியது. டீக்கடையில், ஆபீசில், கோயில் வாசலில், பஸ்ஸில். ஒரு கூட்டம் டெல்லியைத் திட்டும். இன்னொரு கூட்டம் மெட்ராஸைத் திட்டும். மூன்றாவது கூட்டம் வெளிநாட்டுச் சதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும். அரபு ஷேக்குகள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிற மாதிரி. இங்கே நிலக்கரியில் ஓடுகிற பெரிய மின் நிலையம் வரப்போகிறது, அப்புறம் கரண்டில்தான் குளிப்போம் என்பார் ஒருவர். ரேடியோவில் ஒருவர் வந்து, பானையை மூடிச் சமைத்தால் நாட்டுக்கு எவ்வளவோ எண்ணெய் மிச்சமாகும் என்று தாய்மார்களுக்குப் புத்தி சொன்னார். என் மனைவி ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு வீட்ல பானையத் திறந்து போட்டுத்தான் சமைக்காங்களோ?" என்றாள்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. விலை ஏறினதைக்கூட மன்னிக்கலாம். ஏற்றியவர்கள் நமக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கிற அந்தக் குரல் இருக்கிறதே, அது காதுக்குள் எச்சில் துப்பின மாதிரி.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் ஒரு குண்டு போட்டார். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஊரில் எந்த விழா நடந்தாலும் மைக் பிடித்து நன்றியுரை சொல்லுகிறவர். செய்தி எதுவானாலும் முதலில் அவருக்கு வந்துதான் பிறகு பேப்பருக்குப் போகும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

"வே, சங்கதி தெரியுமா? வீட்ல கரண்டு இருக்கவனுக்கு இனிமே மண்ணெண்ண கெடையாதாம். வீடு வீடா வந்து பாக்கப்போறானாம்."

"யார் சொன்னது அண்ணாச்சி?"

"சொன்ன ஆளச் சொல்லக்கூடாதுவே. மேல உள்ள ஆளு."

வேறொருவனாக இருந்தால் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மறந்திருப்பான். நான் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு பல்பையும் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அதிகாரி வந்தால், 'எங்கள் வீட்டில் ஏது ஐயா கரண்ட்?' என்று கையை விரிப்பதாகத் திட்டம். சுவரில் மீட்டர் ஓடுவதும், கூரையில் ஒயர் தொங்குவதும் அதிகாரியின் கண்ணில் படாது என்று எப்படி நினைத்தேனோ. மனைவி உலை வைக்க அரிசி அள்ளும்போது உழக்கில் பல்பு வந்தது.

"இது எத்தனை நேரம் வேகணும்?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லாமல் புன்னைக்காயலுக்கு பஸ் ஏறினேன். ஆபீஸ் வாசலில் மீன் விற்கிற அக்காவின் தம்பி அங்கே வள்ளம் வைத்திருந்தான். கடலில் விளக்குப் பிடிக்க அவர்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கும், கொஞ்சம் மிஞ்சும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மாதா கோயிலில் பூசை முடிந்து அவன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்தான். மண்ணெண்ணெய் என்றதும் என்னைக் கரையோரம் வலைக் குடிசைக்குக் கூட்டிப்போனான்.

"மண்ணெண்ண இருக்கு சார். டின்னுதான் இல்ல. இது வள்ளத்துக்குப் பூசுத சுறா எண்ணெ டின்னு. அடியில எண்ணெ கெடக்கு. சாம்பலப் போட்டுத் தேச்சி, ரெண்டு வெயில்ல காய வச்சாத்தான் சரிப்படும். புதங்கெழம வாங்க."

"புதன்கிழமை வேலைக்கு ஆகாது. இப்பவே ஊத்தும்."

"கடலு எங்கயும் போயிராது சார்."

"கடல் போகாது. மண்ணெண்ணெய் போயிரும்."

"நாறும் சார்."

"நாறினா நாறட்டும், ஊத்தும்."

அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஊற்றினான். எச்சரித்தவன் அவன். கேட்காதவன் நான். டின்னை முகர்ந்துகூடப் பார்த்தேன். மீன் வாடைதான் அடித்தது. புன்னைக்காயலில் எதை முகர்ந்தாலும் மீன் வாடைதானே அடிக்கும், அந்தக் கரையில் நின்ற என் சட்டையிலும் அதே வாடைதானே என்று நியாயம் சொல்லிக்கொண்டேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனின் மூக்கு அப்படித்தான், மீனைக் கணக்கிலேயே எடுக்காது.

திரும்பி வரும்போது டின்னைக் கால்களுக்கு இடையில் இடுக்கி, மேலே துண்டைப் போட்டு, அதன்மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி. வாழைக்கன்று கட்டோடு இருந்தார். பஸ் நகர்ந்ததும் நிதானமாக ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீக்குச்சியை உரசினார்.

"அணையும்! அணையும்!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கையே மிதித்துவிட்டார்.

"என்ன சார், டின்னுல என்ன?" என்றார் கண்டக்டர்.

"விளக்கெண்ணெய்."

விவசாயி பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "வெளக்கெண்ணெயத் தொடையில இடுக்கிக்கிட்டே இந்தப் பதறு பதறுதீரே, குடிச்சீர்னா என்ன ஆவீரு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கீரைக்கட்டை டின்மேல் இன்னும் அழுத்தி வைத்தேன்.

வீட்டில் டின்னைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஊரே கியூவுல நிக்கி. நமக்கு மட்டும் எதுக்கு இது?"

"ஏளா, உன் மூச்சுக்குத்தான்."

"என் மூச்சைச் சொல்லிக் களவாங்காதீங்க," என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று படுக்கும்போது, "கட்டிலுக்கடியில சுறா படுத்திருக்க மாதிரி இருக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். எங்கள் பகுதி நலச்சங்க ஆண்டு விழாவில் பட்டிமன்றமாம். 'வீட்டில் அடுப்பெரியாததற்குக் காரணம் அரசின் கொள்கையா, பதுக்குவோரின் பேராசையா?' அண்ணாச்சி பேராசை அணிக்குத் தலைவர். நான் அவருடைய அணி.

"பதுக்குதவன நார் நாராக் கிழிக்கணும்வே. உம்ம நையாண்டிக்கு ஏத்த தலைப்பு."

"அண்ணாச்சி, நான் வேணா அந்த அணிக்கு..."

"ஏன்வே? பதுக்குதவனுக்கு நீரு என்ன சொந்தமா?"

இதற்கு மேல் மறுத்தால் கட்டிலுக்கடி தெரிந்துவிடும் போலத் தோன்றியது. ஒப்புக்கொண்டேன்.

விழா ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று மத்தியானம் ஸ்டவ்வில் இருந்த கடைசிச் சொட்டு ரேஷன் எண்ணெயும் தீர்ந்தது. சரி, சுறாவைத் திறந்துவிடலாம் என்று கட்டிலுக்கடியிலிருந்து டின்னை இழுத்தேன். ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன். முதலில் காற்று வந்தது. இரண்டாவதும் காற்று. மூன்றாவது உறிஞ்சலில் மத்திய, மாநில அரசுகளின் எரிபொருள் கொள்கை முழுவதும் என் வயிற்றுக்குள் போயிற்று.

அந்தச் சுவையை எப்படிச் சொல்ல? மண்ணெண்ணெய் நாக்கை எரித்தது. அதற்குப் பின்னால், செத்து ஒரு வாரமான எதுவோ மெதுவாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. கொல்லைப்பக்கம் ஓடித் துப்பினேன். கொப்பளித்தேன். செத்துப்போவேன் என்று முடிவு செய்து, இன்சூரன்ஸ் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாள்.

"சாக மாட்டீங்க. கிளம்புங்க, நேரமாச்சு. அதை மூடி உள்ள தள்ளுங்க, நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

பட்டிமன்றம் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூட ஹாலில். நடுவர் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டர். அவர் வந்து உட்காரும்முன்பே பொன்னாடை போர்த்திவிட்டார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். மனைவி பெண்கள் பக்கம் முன் வரிசையில் இருந்தாள். எதிரணியில் ஒரு இளம் வக்கீல் எழுந்தான்.

"கப்பலில் நிலக்கரி வரும், மின்சாரம் ஆறாக ஓடும் என்கிறார்கள். வரட்டும். அது வரும்வரை எங்கள் தாய்மார்கள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே சோறு பொங்குவதா? விலையை ஏற்றியது யார், பதுக்கியவனா?"

கைதட்டல் ஓயவில்லை. நானும் மேஜைக்கடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவன் சொன்னதெல்லாம் உண்மை. அடுத்தது நான்.

"நடுவர் அவர்களே! இரண்டு லிட்டரை ஏழை கண்ணீரோடு வாங்குகிறான். இங்கே ஒருவன் டின் டின்னாக வாங்கி வைக்கிறான். எங்கே வைக்கிறான்? வங்கியிலா? இல்லை. கட்டிலுக்கடியில்!"

ஏன் கட்டில் என்று சொன்னேன்? எனக்குத் தெரிந்த பதுக்கல்காரன் ஒருவன்தான். அவனைப் பார்த்துத்தானே எழுத முடியும். சிரிப்பலை எழுந்தது. எனக்கு உற்சாகம் வந்தது. அவன் தூங்கும் அழகை நடித்துக் காட்டினேன். யாராவது கதவைத் தட்டினால் எப்படி வெலவெலப்பான் என்று நடித்தேன். தத்ரூபமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். "அந்தப் பேராசைக்காரனை..." என்று கையை உயர்த்தினேன். வயிற்றுக்குள்ளிருந்து எழுந்து மைக்கில் முழங்கியது ஏப்பம்.

சத்தம் பெரிதில்லை. வாசனை பெரிது. நடுவர் பொன்னாடையால் மூக்கைப் பொத்தினார். அண்ணாச்சி குனிந்து, "மத்தியானம் என்ன சாப்ட்டீரு?" என்றார். "கருவாடு," என்றேன். "கருவாட்ட மண்ணெண்ணெயிலயா பொரிச்சீரு?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் கரண்ட் போய்விட்டது. மின்சார வாரியம் எனக்குச் செய்த ஒரே உபகாரம். அந்த உபகாரமும் ஐந்து நிமிடத்தில் கெட்டது. யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிவந்தார்கள். ஆட்டிப் பார்த்தார்கள். காலி.

"பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது ஒரு அரை லிட்டர் தந்து உதவணும்," என்று அண்ணாச்சி இருட்டுக்குள் அறிவித்தார்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சற்றுமுன் பதுக்கலைக் கண்டித்துத் தட்டிய கைகளெல்லாம் மடியில் கிடந்தன. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு குப்பியாவது இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஊரை நான் அன்று அருவருத்தேன். அதைவிட அருவருப்பு, அந்த மௌனத்தில் என் பங்குதான் எல்லோருடையதையும்விடப் பெரியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். டீச்சர் குரல். கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல்.

"எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில ஒரு டின்னு இருக்கு. போய் எடுத்துக்கிடுங்க."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. இருட்டில் யாரோ, "ஏலே, கட்டிலுக்கடி!" என்று கத்தினார்கள். என் முகம் யாருக்கும் தெரியாமல் இருந்ததற்காகக் கரண்ட் போன அந்த நேரத்தை மனதார வாழ்த்தினேன்.

அண்ணாச்சியே டார்ச்சோடு போய் டின்னைச் சாய்த்து ஒரு செம்பில் ஊற்றி வந்தார். விளக்கில் ஊற்றி, பம்ப் அடித்து, பற்றவைத்தார்கள். விளக்கின் மேண்டில் வலை ஒருமுறை வெளுத்தது. அப்புறம் கறுத்தது. அப்புறம் அதிலிருந்து கரும்புகை சுருள் சுருளாகக் கிளம்பியது. கூடவே அழுகிய சுறாவின் நாற்றம். "அணைங்கவே!" என்று ஒருவர் கத்த, திருகைத் தப்பாகத் திருப்பினார்களோ என்னவோ, புகை இரண்டு மடங்காயிற்று. எல்லோரும் இருமினார்கள். அந்த இருமல்களுக்கு நடுவே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி.

விளக்கை வைத்திருந்தது பெண்கள் பக்கம், முன் வரிசைக்கு எதிரே.

மேடையிலிருந்து குதித்தேன். நாற்காலியோடு விழுந்தேன். யார் காலை மிதித்தேன் என்று தெரியாது. அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். கடல் காற்று இருந்தது. காற்று இருந்து என்ன, அது அவளுக்குள் போகவில்லை. கண் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. என் சட்டைப்பையில் இருந்த பட்டிமன்றக் குறிப்புத் தாள்களால் விசிறினேன். அவளைக் காப்பாற்ற வாங்கிய எண்ணெய் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. நான் அதை விசிறிக்கொண்டிருந்தேன்.

யாரோ ரிக்‌ஷா பிடித்தார்கள். டாக்டர் ஊசி போட்டார். என் வாயிலிருந்து வந்த நெடியை மோந்து, "நீங்க என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார். ஊசி வேலை செய்து அவள் முதல் நல்ல மூச்சை இழுத்தபோதுதான் நான் என் மூச்சை விட்டேன். அது அவள் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்து விட்டேன். ஹாலில் நடுவர் இருட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறதாம். பொன்னாடையோடு வீட்டுக்குப் போனாராம்.

அடுத்து ரேஷன் கடை திறந்த நாள் திங்கட்கிழமை. இடையில் பேக்கரி பன்னும் டீக்கடைச் சுடுதண்ணீரும்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். ஆவி பிடிக்க அடிக்கடி வெந்நீர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை டீக்கடைக்கு ஓடுவது? பளபளவென்று விடியும்போதே கேனோடு போய் வரிசையில் நின்றேன்.

"ஏளா, இன்னா நிக்காரு பாரு கட்டிலுக்கடி!" என்றாள் எனக்கு முன்னால் நின்ற பெண். உப்பளத்து வேலைக்குப் போகிறவள். கால்கள் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. "ஒம்ம வீட்ல குடம் குடமா இருக்க, இங்கன என்ன சோலி?"

வரிசை சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். கடைக்காரர் ஒவ்வொரு கார்டாகக் குறித்து, நுரையோடு ஊற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "இன்னும் ஒரு கார்டுக்குத்தான் இருக்கு," என்றார். அது அவளுடைய கார்டு. நான் அதற்கு அடுத்தவன்.

அவள் கேனை நீட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த டீச்சர் பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"உட்கார்ந்தே இருக்கு. வெந்நீர் வைக்க வழியில்ல."

அவள் கேனை இழுத்துக்கொண்டு விலகி நின்றாள். "கார்ட நீட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்கு உடைமுள்ளு வெறகு இருக்கு, அதுல பொங்கிக்கிடுவேன். ஒம்ம மூஞ்சிக்காக இல்லவே. அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன். அந்தப் பிள்ள எளச்ச எளப்புக்காக."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவையாவது சொல்லிவிட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் கார்டை நீட்டினேன். எண்ணெய் கேனுக்குள் விழுந்த பிறகுதான் எனக்கு நாகரிகம் ஞாபகம் வந்தது.

"எங்க வீட்ல அந்த டின்னு இருக்கு, வேணும்னா..."

"அந்த நாத்தத்த நீரே வச்சிக்கிடும்," என்று நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஸ்டவ்வில் ஊற்றினேன். குழாய் இல்லாமல், புனல் வைத்து. பத்துத் திரியும் நீலமாக எரிந்தன. வெந்நீரில் ஆவி பிடித்துவிட்டு மனைவி துண்டால் முகத்தைத் துடைத்தாள். நெஞ்சுச் சத்தம் ஏறக்குறைய நின்றிருந்தது. வரிசையில் நடந்ததைச் சொன்னேன்.

"அவ பேரு என்ன?"

"கேக்கல."

"எந்தத் தெரு?"

அதுவும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். புன்னைக்காயலில் வள்ளக்காரன் எண்ணெய் ஊற்றும்போது பார்த்த அதே பார்வை.

"போய்க் கேட்டுட்டு வாங்க."

போனேன். கடை பூட்டியிருந்தது. 'ஸ்டாக் இல்லை' பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வரிசை நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. நாய் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.